வாசக்கால் நிற்கும் வீடு

கடலோரப் பக்கம் மாற்றலாகிப் போகிறவர்கள் என்னைப் பார்க்க வரும்போது கையோடு விதிப் புத்தகத்தையும் கொண்டு வருகிறார்கள். இந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம் மேடம், அந்த அரசாணை இன்னும் செல்லுமா மேடம் என்று கேள்வி மேல் கேள்வி. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டரைத் தட்டினால் வந்து விழுகிறது. நான் உங்களோடு பேச நினைப்பது பயத்தைப் பற்றி.

பயப்படாமல் வேலை பார் என்று ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். நான் சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வராத ஆளிடம் பேனாவைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. எதற்குப் பயப்படுவது என்பதில்தான் சிக்கல். மெமோவுக்குப் பயப்படலாம், ஆடிட்டுக்குப் பயப்படலாம், மொட்டைக் கடுதாசிக்குப் பயப்படலாம். நான் மூன்றுக்கும் பயந்து நடுங்கியவள்தான். ஒரு மழைக்காலத்தில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து இந்த மூன்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஜனங்கள் வாயில் ஆர்.ஐ. அம்மா. குடியிருந்தது கிழக்குத் தாம்பரம், பிறந்து வளர்ந்ததும் அங்கேயேதான். ரயில் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடலுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. நீச்சல் தெரியாது. எல்லோரும் அலையில் கால் நனைத்தால் நான் அவர்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பேன். அப்படிப்பட்ட ஆளுக்குப் பார்த்துப் பார்த்துக் கடலோரக் கிராமங்களைக் கொடுத்தார்கள். காலையில் மேடவாக்கம் போய், சோழிங்கநல்லூர் போய், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் உப்புக் காற்று வரும். எந்த ஆபீஸ், எந்தக் குப்பம் என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பந்தப்பட்ட பலர் இன்னும் இருக்கிறார்கள்.

கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அறிவிக்கை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடல் ஏறி வரும் உச்ச இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிதாக எதுவும் எழுப்பக் கூடாது. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டைப் போட வேண்டியவர்கள் நாங்கள் அல்லவா? எங்கள் ஆபீஸில் அளவை வேலை எல்லாம் ஜமாபந்தி முடிந்த பிறகுதான். வருஷக் கணக்கு சரிபார்க்கும் அந்தச் சடங்கு முடிந்தால்தான் சர்வேயர் சங்கிலியைக் கையில் எடுப்பார். வயலை அளப்பதும் அப்போதுதான், ஏரியை அளப்பதும் அப்போதுதான். அந்த வழக்கப்படியே கடலையும் ஆனி மாதத்தில் போய் அளந்து, உத்தேசமாக ஒரு கோடு குறித்து, கல்லும் நட்டுவிட்டு வந்தார்கள். ஆனியில் மணல் பந்தி விரித்த மாதிரி அகலமாகக் கிடக்கும். ஐப்பசியில் நாங்கள் நட்ட கற்கள் எல்லாம் அலைக்கு உள்ளே நின்றன. வயல் நகராது, கடல் நகரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் குப்பத்தில் கடலை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். எங்கள் ஃபைல்படி கடல் அவற்றுக்கு எங்கேயோ தூரத்தில் இருந்தது. நேரில் போனால் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. கல் கொட்டித் தடுக்கலாம் என்று உத்தரவாகி லாரிகள்கூட வந்தன. இங்கே கல் கொட்டினால் அரிப்பு வடக்கே எங்களைத் தின்னும் என்று அடுத்த குப்பத்துக்காரர்கள் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நிஜம். பின்னால் நகரலாம் என்றால் அங்கே இருந்த சவுக்குத் தோப்புகளைப் பட்டணத்துக்காரர்கள் எப்போதோ வாங்கி மதில் எழுப்பியிருந்தார்கள். சட்டம் வருமுன் எழுந்த மதிலைச் சட்டம் ஒன்றும் செய்யாது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புறம்போக்கு இருந்தது. கடல் அரிப்பில் வீட்டை முழுதும் இழந்தவர்களுக்கு அங்கே மாற்று மனை. முழுதும் இழந்தவர்களுக்கு மட்டும். எது முழுச் சேதம் என்று உத்தரவில் விளக்கம் இல்லாததால், எங்கள் ஆட்கள் தாங்களாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். வாசக்கால் நின்றால் வீடு நிற்கிறது. வாசக்கால் விழுந்தால் முழுச் சேதம். வாசக்காலைப் பெயர்த்து எடுத்திருந்தால் வீட்டை அவர்களே பிரித்துக்கொண்டார்கள், மனை கிடையாது. முந்தின வருஷம் அஞ்சலை என்கிற பெண், நல்ல தேக்கு மரமாயிற்றே, கடலுக்குப் போகிறதே என்று வாசக்காலைக் கழற்றிப் பத்திரமாக ரோட்டோரம் வைத்தாள். 'தாமே பிரித்துக்கொண்டார்' என்று எழுதிவிட்டோம். மறுநாள் வீடு இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. அஞ்சலைக்கு மனை வரவில்லை.

அதைப் பார்த்த மற்றவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். வீடு விழுகிறவரை வீட்டை விட்டு இறங்கக் கூடாது. ஆள் இல்லாத வீடு என்றால் கைவிட்ட வீடு என்று எழுதுவோமே.

வரிசையில் வடகோடி வீடு தனலட்சுமியுடையது. தனம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புருஷன் காசிமேட்டில் விசைப்படகில் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலுக்குள். இரண்டு பெண் குழந்தைகள், சின்னது இடுப்பில். சமையலறை ஏற்கெனவே போய்விட்டது. அதைப் பகுதிச் சேதம் என்று எழுதியாகிவிட்டது. மிஞ்சியது முன்னறையும் அதன் வாசலும். முன்னறையின் தரைக்கு அடியில் மணல் இல்லை. சிமென்ட் தரை பலகை போல நீட்டிக்கொண்டிருக்க, கீழே அலை வந்து வந்து போயிற்று.

புயல் எச்சரிக்கை வந்த ஒரு மதியம் நானும் வி.ஏ.ஓ.வும் அங்கே போனோம். ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மற்ற வீடுகளில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், அவர்கள் வீட்டுக்கு அடியில் இன்னும் மணல் இருந்தது. தனம் வாசலில் உட்கார்ந்து பெரிய பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆர்.ஐ. அம்மா, இன்னிக்கும் பாத்துட்டுப் போவத்தான் வந்தியா?"

"எழுந்து வா தனம். புயல் வருது. விளையாட்டு இல்ல."

"வர்றேன். மனை எழுதிக் குடு, வர்றேன்."

"வீடு நிக்குதேம்மா. நான் எப்படி எழுதறது?"

"அதான் நானும் சொல்றேன். வூடு நிக்குது, நானும் குந்திகினு கீறேன். நான் எறங்கிட்டா வுட்டுட்டுப் போய்ட்டான்னு எழுதுவீங்க. அஞ்சலைக்கு அவளே பிரிச்சிக்கினான்னு எழுதினீங்களே."

"குழந்தைங்களையாவது அனுப்பு."

"புள்ளைங்க இல்லாத வூட்ல குடித்தனம் இல்லன்னு உன் ஆளுதான் போன மாசம் சொல்ட்டுப் போனாரு. கேளு, நிக்கறாரே."

வி.ஏ.ஓ. வேறு பக்கம் பார்த்தார். எனக்கு ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துவரலாம் என்று வாசக்காலைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன். அப்போது தரைக்கு அடியில் ஒரு அலை மோதியது. காதில் கேட்டதைவிடப் பாதத்தில்தான் முதலில் தெரிந்தது. அந்த அதிர்ச்சி முழங்கால்வரை ஏறிற்று. சின்னக் குழந்தை அதைக் கவனிக்கவே இல்லை, பழகிவிட்டது. அது சிமென்ட் விரிசலில் விரலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தது. விரிசல் வழியாகக் காற்று வந்தது, உப்புத் தண்ணீர் வாடையோடு. வெளியே ஓடி வந்துவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை, ஓடித்தான் வந்தேன்.

ஜீப் பானெட்டில் சான்றுப் படிவத்தை வைத்து எழுதினேன். முழுச் சேதம்.

வி.ஏ.ஓ. எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "மேடம், வாசக்கால் நிக்குது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கும் பொண்ணு இருக்கு, கல்யாண வயசுல."

"போடாதீங்க. நான் போடறேன்."

"வேலை போயிடும் மேடம்."

"போகட்டும். அந்தக் குழந்தை போனா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

சாமர்த்தியமாகப் பேசுகிற மாதிரி தெரிகிறது, இல்லையா? எழுதி முடித்துப் பார்த்தால் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. தனத்திடம் படித்துக் காட்டினேன். முத்திரை எங்கே என்று கேட்டாள். முத்திரையையும் வைத்தேன். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வாசக்காலைத் திரும்பிப் பார்த்தாள், தொடவில்லை. எதையாவது தொட்டால் பிரித்ததாகிவிடுமே என்று கூரை ஓடு ஒன்றைக்கூட எடுக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அன்று ராத்திரி புயல் வடக்கே ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது. எங்களுக்குத் தூறல்கூடச் சரியாக இல்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். வீடு அப்படியே நின்றது. வாசக்கால், ஓடு, போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, எல்லாம் பளிச்சென்று.

அன்று முதல் விழாத வீட்டை விழுந்தது என்று எழுதிய ஆர்.ஐ. நான். மொட்டைக் கடுதாசி போக அதிக நாள் ஆகவில்லை. எவ்வளவு கைமாறியது என்றெல்லாம் எழுதியிருந்தார்களாம். மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள் என்று தாசில்தார் சொன்னார். அவர் நல்ல மனுஷர், ஆனால் அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் வேலை ஒரு பக்கம் இருக்கட்டும். சான்று ரத்தானால் தனத்துக்கு மனை ரத்து. மனை ரத்தானால் அவள் திரும்ப அந்த முன்னறைக்குத்தான் போவாள். அந்த விரிசல் கண்ணிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் முழங்கால் போட்டு நல்லது கேட்டு ஜெபிக்கும்போது, ஆண்டவரே அந்த வீட்டைக் கொண்டுபோயிடும் என்று ஜெபித்தேன். ஒரு ஏழை வீடு இடிந்து விழ வேண்டும் என்று ஆண்டவரிடம் மன்றாடிய ஆள் தாம்பரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே வந்தபோது பாதிரியார் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சளி என்றேன்.

குப்பத்து வாலிபர்கள் இரண்டு பேர் என்னை ரோட்டில் மடக்கினார்கள். "மேடம், இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு? நாலு பேரு கயிறு கட்டி இஸ்தா வூடு கடலுக்குள்ள பூடும். யாருக்குத் தெரியப் போவுது?"

உள்ளதைச் சொல்கிறேன், உடனே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இழுத்துவிடட்டுமே என்று தோன்றியது. அப்புறம்தான் யோசித்தேன். நான் எழுதியது உயிருக்குப் பயந்து. இது செய்தால் அந்தப் பயமே பொய்யாகிவிடும். அதோடு அந்தத் தரைமேல் நின்று கயிறு கட்டப் போகிறவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். "அந்த வீட்டுப் பக்கம் எவனாவது கயிறோடு போனீங்கன்னா நானே போலீஸ்ல சொல்லுவேன்" என்று கத்தினேன். "உனக்கு நல்லது சொன்னா எங்களையே கடிக்கிற மேடம்" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

அமாவாசைக்கு மாவட்ட அதிகாரி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. மணலில் பூட்ஸ் புதைய நடந்து வந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அமாவாசைத் தண்ணீர் தரைக்கு அடியில் குதித்துக்கொண்டிருந்தது. வரிசைப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். தனமும் குழந்தைகளோடு ஓரமாக நின்றாள்.

"இதுதான் விழுந்த வீடாம்மா?"

"விழலை சார். நான்தான் எழுதினேன். விழும்."

"விழும்னு எழுத நம்ம படிவத்துல இடம் இல்லையே. நின்னா நிக்குது, விழுந்தா விழுந்தது."

"உள்ள குழந்தைங்க இருந்தாங்க சார்."

"புரியுது. ஆனா இதை நான் விட்டா நாளைக்கு நல்ல வீட்டுக்கெல்லாம் சான்று கொடுப்பாங்க. கடலோர மனை இது. எவன் எவனோ வந்து நிப்பான்." அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "சான்று ரத்து. மனையை நிறுத்தி வைங்க. நிஜமாவே விழுந்தா திரும்ப மனு கொடுக்கட்டும்."

தனம் சின்னதை இடுப்பில் ஏற்றினாள். பெரியதைக் கையில் பிடித்தாள். வீட்டை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, எங்க போற?" என்றார் அதிகாரி.

"வூட்டுக்கு. வூடு நிக்குதுன்னு நீதான சார் சொன்ன."

வாசக்காலைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெரிய பெண் பக்கத்தில் உட்கார்ந்தது. அடியில் ஒரு அலை வந்து மோத, வாசல் ஓரத்துக் காரை ஒரு முழம் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. "அவர எழுதச் சொல்லு மேடம்" என்று அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது, சத்தமே போடாமல்.

அதிகாரி வாசக்கால்வரை போனார். ஒரு பூட்ஸ் காலை உள்ளே வைத்தார். அடுத்த அலை வந்தது. நான் அனுபவித்தது அவருக்கும் அந்தக் கால் வழியாக ஏறியிருக்க வேண்டும். காலை எடுத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டினார். படிவத்தைக் கொடுத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே 'நேரில் கண்டேன், முழுச் சேதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தனம் இறங்கி வந்தாள். முடிந்தது என்று நினைத்து ஜீப்பில் ஏறினோம்.

இனிமேல் சொல்வதுதான் உங்களுக்காக நான் சொல்ல வந்தது. ஜீப் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். அங்கே கூடியிருந்த பெண்களில் ஒவ்வொருத்தியாகத் தன் குழந்தையைத் தூக்கினாள். ஒவ்வொருத்தியாகத் தன் வீட்டு வாசக்காலைத் தாண்டி உள்ளே போனாள். பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்த குழந்தைகளைக்கூட அழைத்து வர ஒருத்தி ஓடினாள். கடலோர வரிசை முழுதும், ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாயும் குழந்தைகளும் உட்கார்ந்து எங்களையே பார்த்தார்கள்.

"இது என்னம்மா?" என்றார் அதிகாரி.

"நீங்க எதைப் பார்த்து எழுதினீங்கன்னு அவங்களும் பார்த்தாங்க சார்."

நாங்கள் ஒரு வீட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றி, ஊர்க் குழந்தைகளை எல்லாம் உள்ளே உட்கார வைத்திருந்தோம். ஒரு சட்டத்தை எழுதுகிறவனும் சரி, அதை ஒரு ஆளுக்காக வளைக்கிறவனும் சரி, பார்த்துக்கொண்டிருக்கிற மற்றவர்கள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டும். அன்றுவரை எனக்கு அந்தப் பயம் வந்ததில்லை.

அதிகாரி ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இறங்கித் திரும்ப மணலில் நடந்தோம். வீடு வீடாகப் போய் அடியில் குனிந்து பார்த்தோம். புயல் எச்சரிக்கை அன்று இருந்த மணலில் பாதிக்குமேல் போயிருந்தது. பிறகு வரிசை முழுதுக்கும் சேர்த்து அவரே ஒரு குறிப்பு எழுதினார்: அஸ்திவாரம் அரிக்கப்பட்டுக் குடியிருக்க இயலாதவை, முழுச் சேதமாகக் கருதலாம், தாமே இறங்கினாலும் மரச் சாமான்களை எடுத்துக்கொண்டாலும் மனை உண்டு. அஞ்சலை பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். சேர்த்தார். அந்த அதிகாரம் அவருக்கு இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. மேலிடத்திலிருந்து அவரைக் கேள்வி கேட்டுக் கடிதம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் நின்றது. விழாத வீட்டை விழுந்ததாக எழுதியது உண்மைதானே, வாதாடவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, கடல் ஏறுகிறது என்று போன் வந்து போனேன். ரோட்டிலிருந்தே இரைச்சல் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வடகோடி வீடு இல்லை. அடுத்தது சரிந்துகொண்டிருந்தது. தனம் மணல் மேட்டின் விளிம்பில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். அந்த வீடு உட்கார்ந்ததும், அந்த வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"சாந்தீ..."

எனக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மனையிலிருந்து குரல் வந்தது. "இங்க கீறேன்."

அடுத்த சுவர் விழுந்தது. "பவுனூ..."

"இங்கதான் கீறேன்க்கா."

வரிசை முடிகிறவரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறையும் பதில் பின்னாலிருந்துதான் வந்தது.